வந்து சேர்ந்த திகதி

டிசம்பர் 6. காலையிலிருந்து நான்காவது தடவையாகச் செல்லச்சாமி கடிதத்தில் இந்தத் திகதியை வாசிக்கிறார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறார். அதற்குள் பன்வில பஸ் உள்ளே திரும்புகிறது. கடிதத்தைச் சட்டைப்பையில் திணித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, கொப்பியில் எழுதுகிறார்: 9.42.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடி பஸ் நிலையத்தில் இருபத்தாறு வருடமாக அவர் டைம் கீப்பர். பஸ் எங்கே நின்றது, ஏன் பிந்தியது என்ற கதைகளுக்கு அந்தக் கொப்பியில் இடமில்லை. வந்து நின்ற நேரம் மட்டும்தான். மடவளை பஸ் கண்டக்டர் ஹாஷிம் கெஞ்சுவார்: “மூணு நிமிஷந்தானே அண்ணே, கண்ண மூடிக்கங்களேன்.”

“என் கண்ண மூடிறலாம் தம்பி. மேல இருக்கே மணிக்கூடு, அத யாரு மூடுறது?”

மகன் யுகேஷ் இராணுவத்தில் கோப்ரல். போன வருட மழையில் ஹந்தானைத் தோட்டத்து லயக் குடியிருப்பொன்றிலிருந்து பதினொரு பேரை வெளியே கொண்டுவந்தான். பன்னிரண்டாவது ஆளுக்காக உள்ளே போனபோது மண் சரிந்து மூடியது. டிசம்பர் மூன்றாம் திகதி, மாலை 5.10; கூட நின்ற சிப்பாய்கள் பார்த்தார்கள். உடல் ஆறாம் திகதிதான் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் மரண விசாரணை அதிகாரி திகதி கேட்டதும், செல்லச்சாமி ‘ஆறு’ என்றார்.

“வந்த நேரத்த எழுதியே பழகின கைங்க. வாயும் அப்பிடியே சொல்லிருச்சி” என்பார் பிறகு, கேட்டவர்களிடம்.

இப்போது யுகேஷ் பெயரில் வருடந்தோறும் ஒரு நினைவு நாளை அரசு அறிவிக்கப்போகிறது. மரணப் பத்திரத்தில் உள்ளபடி, டிசம்பர் 6. தகப்பன் கையொப்பமிட்டால் அரசிதழான வர்த்தமானியில் வரும்.

கடிதம் வந்த அன்று மனைவி நல்லம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: “ஆறுன்னா, மூணு நாளும் மண்ணுக்குள்ள உசுரோடவா கெடந்தான்?” அன்றிலிருந்து செல்லச்சாமி சோற்றுக் கோப்பையைப் பாதியில் தள்ளிவைக்கிறார். “மூணு நிமிஷத்துக்கு எங்கள புடிப்பீங்க, மூணு நாள விட்டுட்டீங்களே” என்று ஹாஷிம் ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதன்பின் அந்த வாரம் முழுக்க மடவளை பஸ் ஒரு நிமிடமும் பிந்தவில்லை.

மத்தியானம் அரைநாள் லீவு போட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போகிறார். கடிதத்துக்குப் பொறுப்பான சர்மிளா, படிவத்தையும் பேனாவையும் எடுத்து வைத்திருக்கிறார்.

“இன்னைக்கு சைன் வச்சா இந்த வருஷமே நாள் வந்துரும் ஐயா. தேதிய திருத்தினா, பத்திரத்தையும் திருத்தி ஃபைல் முதல்லருந்து போகணும். திரும்பி வருமான்னு என்னால சொல்ல ஏலாது.”

“நாள் வராட்டி, நாங்க வீட்டுல கும்பிட்டுக்குவோம் மிஸ். ஆறுன்னு வந்துச்சின்னா அவன் அம்மா வருஷா வருஷம் அதையே கேப்பா. நான் என்னன்னு சொல்றது?”

சொல்லிவிட்டும் கை தயங்குகிறது. சுவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்; தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பிறகு, கொப்பியில் பிழை திருத்துவதைப் போலவே, 6ஐ ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் 3 என எழுதி, சின்னதாக ஒரு கையெழுத்து வைக்கிறார். படிவத்தில் நேரத்துக்கு இடமில்லை. ஓரத்தில் எழுதுகிறார்: 5.10.

திங்கட்கிழமை கோப்பு மறுபடி கொழும்புக்குப் போகிறது.