இரண்டு செயற்கைக்கோள்களுக்கு நடுவே ஒரு படி

விண்ணப்பம் அனுப்ப ஒரு வாரமே இருந்தபோதுதான் அந்தப் படி என் கண்ணில் பட்டது.

அப்போது திருப்பதியில் ஓர் ஆய்வகத்தில் திட்ட உதவியாளராக இருந்தேன். கடலில் மிதக்கும் நுண்பாசிகளின் பச்சையம் நீரின் நிறத்தை மாற்றும். செயற்கைக்கோள் அந்த நிறத்தை அளக்கும். வங்கக் கடலின் மாதச் சராசரிகளைக் கோத்து, ஆண்டுகள் போகப்போகப் பாசி கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பது என் வேலை. உடன் படித்தவர்கள் சாஃப்ட்வேருக்குப் போய்விட்டார்கள். சித்தூரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அப்பா, எங்கள் வீட்டுப் பேச்சில் நைனா, கேட்பார்: “ஊரே பெங்களூரு போய்க்கினு கீது. நீ மலையடில குந்திக்கினு கடல பாக்கறியா?”

வெளிநாட்டில் பிஎச்.டி. இடம் கேட்டு எழுதிய விண்ணப்பத்துக்கு என் கிராஃப்தான் பலம். பச்சையம் தெளிவாக ஏறியிருந்தது. ஆனால் கொஞ்சங்கொஞ்சமாக அல்ல. ஓரிடத்தில் படி போலத் தாவியிருந்தது. வரிசையாகச் சரிபார்த்தேன்.

1. மேகம் மறைத்த நாட்கள்: நீக்கியாயிற்று.
2. கரையோரச் சேற்றுநீர்: நீக்கியாயிற்று.
3. படி விழுந்த மாதம்: என் தரவு பழைய செயற்கைக்கோளை விட்டுப் புதியதற்கு மாறிய மாதம்.

பக்கத்து மேசையிலிருந்து, நகரி ஊர்க்காரி ஹேமா எட்டிப் பார்த்தாள். “சீட்டு வர்ற வரைக்கும் இத தோண்டாதடி. ஏறுதுன்னுதானே காட்டுது, ஏறட்டும் வுடு.”

மறுநாள் காலை ஆய்வகத்தை நடத்தும் சாரிடம் போய்ப் படியைக் காட்டினேன். “ரெண்டும் ஒரே கடலத்தானேம்மா பாத்துச்சு?” என்றார்.

“கடல் ஒண்ணுதான் சார். பாத்த கருவி வேற.”

கிராஃபைத் தன் பக்கம் திருப்பிப் படியின் மேல் விரல் வைத்தார். பிறகு, இரண்டும் சேர்ந்து பறந்த மாதங்களை மட்டும் எடுத்து, ஒரே நாளில் ஒரே இடத்தில் இரண்டும் எவ்வளவு மாறுபடுகின்றன என்று கணக்கிட்டுத் திருத்தச் சொன்னார். “ஏத்தமே மிஞ்சலன்னா?”

“மிஞ்சலன்னு எழுதறேன் சார்.”

மிஞ்சவில்லை. கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. ஆனால் படி போனதும் அதுவரை கவனிக்காத ஒன்று தெரிந்தது: புயல் கடந்த பிறகெல்லாம் பச்சையம் எழும்பி, மெல்லத் தணிந்திருந்தது. புயல் அடிநீரைக் கிளறிப் பாசிக்கு உரம் கொண்டுவருகிறது. ஏறுகிறது என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு, புயல்களைப் பற்றிய கேள்வியை எழுதி அனுப்பினேன்.

நேர்காணலில் அவர்கள் பெரும்பாலும் இரண்டு தரவுகளையும் எப்படி இணைத்தேன் என்றே கேட்டார்கள். இடம் கிடைத்தது.

இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நீண்ட காலத் தரவு கைக்கு வந்தால், கடல் எப்போது மாறியது என்று தேடும் முன், கருவி எப்போது மாறியது என்று பாருங்கள்.