எங்கள் படுக்கையறை தேவிகுளம் போகுமா?

போன புதன்கிழமை காலை எங்கள் படுக்கையறைக்குள் ஒரு அம்மா ஏறி வந்தார்.

'நுழைந்தார்' என்று எழுதவில்லை, கவனியுங்கள். ஏறித்தான் வந்தார். தலையில் மப்ளர், கையில் கட்டைப்பை. நேராக வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்தக் கட்டிலில் ஏற்கெனவே எங்கள் விருந்தாளி ஒருவர் தலைசுற்றலோடு படுத்திருந்தார். அவருடைய காலைத் தட்டி, "கொஞ்சம் நகந்துக்க தாயி. டிக்கெட் எடுத்தவுக எல்லாம் இப்படிப் படுத்துக்கிட்டா, மத்தவுக எங்க உக்கார்றது?" என்றார்.

நான் பின்னால் அடுப்படியில் நின்றிருந்தேன். சொல்ல வாயைத் திறந்தேன். வாய் திறந்தது... சத்தம்தான் வரவில்லை.

வாராவாரம் இந்த இடத்தில் என்னைச் சந்திக்கும் உங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. கடையில் 'அரை கிலோ சர்க்கரை' என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சம். பக்கத்தில் நிற்பவர் ஏதாவது வாங்கும்வரை காத்திருந்து, "எனக்கும் அதே" என்று சொல்லிவிடுவேன். அப்படி வாங்கிய மாட்டுத் தீவனம் ஒரு மாதம் எங்கள் வீட்டில் இருந்தது. மாடு கிடையாது.

எழுதுவது எப்படி என்கிறீர்களா? காகிதம் நம்மை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதனால் பத்தாவது படித்தவளுக்கும் கொஞ்சம் தைரியம் வந்துவிடுகிறது.

சரி, படுக்கையறை எப்படி ரோட்டுக்கு வந்தது?

எங்கள் வீட்டுக்காரர் இருபது வருஷமாக ஒரு பள்ளிக்கூட பஸ்ஸின் டிரைவர். மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊரில் இருந்து எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவார். பஸ்ஸுக்கு வயதாகிவிட்டது, விற்கிறோம் என்றது பள்ளிக்கூடம். மற்றவர்கள் இன்ஜினை விலை பேசினார்கள். இவர் முழு பஸ்ஸையும் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இத என்ன செய்யப் போறீங்க?"

"வீடு கட்டப் போறேன்."

"எங்க?"

"இதுக்குள்ளதான்."

சீட்டுகளைக் கழற்றினோம். அடியில் என்னென்ன கிடைத்தன தெரியுமா? துண்டுப் பென்சில்கள், புளியங்கொட்டை, ஒற்றை சாக்ஸ், டிபன் பாக்ஸ் மூடி, யாரோ பிடிக்காமல் ஒளித்து வைத்த மாத்திரை. தரைக்குப் பிளைவுட் போட்டோம். நடுவில் நீளவாக்கில் கட்டில், எதிரே பெஞ்சு, பின்னால் அடுப்பு, அதற்குக் கீழே தண்ணீர்த் தொட்டி. வளைவுகளில் பாத்திரம் உருளாமல் இருக்க அடுப்பைச் சுற்றிக் கம்பி வேலி. என்னைப்போல ஒருத்திக்கு ஜன்னல்களாலேயே ஆன ஒரு வீடு! மூன்று வாரம் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் திரை தைத்தேன்.

ஒன்றை மட்டும் மாற்றவில்லை. படி. பள்ளிக்கூட பஸ் அல்லவா, சின்னப் பிள்ளைகளுக்காகப் படி தாழ்வாக இருக்கும். யார் வேண்டுமானாலும் சுலபமாக ஏறலாம்.

கடைசியாகப் பெயின்ட். பள்ளிக்கூட மஞ்சளை மாற்றியே ஆக வேண்டும். அடிமாலி ஒர்க்‌ஷாப்பில் பெயின்டர் தம்பி, "ஏது களர் வேணம் சேச்சி?" என்று என்னைக் கேட்டுவிட்டார். சுற்றிலும் நாலைந்து மெக்கானிக்குகள். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ... "வான நீலம்" என்றேன்.

வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பெயின்டரிடம், "அதான் சொல்லியாச்சுல்ல, அதையே அடிச்சிரு தம்பி" என்றார்.

திட்டம் என்னவென்றால், சுற்றிப் பார்க்க வருபவர்களை இவர் ஓட்டிக்கொண்டு போவார். நான் சமைத்துப் போட்டு, பேசிப் பழகி, நல்லபடியாகக் கவனித்துக்கொள்ள வேண்டும். சமைத்துப் போடுவேன். அந்த நடுவில் இருக்கிறதே... அதுதான் எனக்கு வராது.

"ஒரே ஒரு டிரிப்பு வந்து பாரு புள்ள. உன்னால முடியலன்னா வண்டியக் குடுத்துருவோம். மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்" என்றார். நெடுங்கண்டத்தில் கோழி வியாபாரி ஒருவர் ஏற்கெனவே நாலு முறை போன் செய்திருந்தார். கூண்டு அடுக்கத் தோதான வண்டியாம். நான் தைத்த திரைகளைக் கோழிகள் கொத்துவதுபோல ஒரு வாரம் கனவு கண்டேன்.

அந்த ஒரே ஒரு டிரிப்புதான் போன புதன்கிழமை.

விருந்தாளிகள் பாலக்காடு கிழக்குப் பக்கம், சித்தூரை அடுத்த ஊர். ராமசாமி அண்ணன், அவர் மனைவி பழனியம்மாள். தென்னையும் நெல்லும் வைத்திருக்கும் விவசாயக் குடும்பம். வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டம் பார்க்க வேண்டும் என்று அண்ணனுக்கு ரொம்ப நாள் ஆசை. மூணாறு தாண்டியதும் வளைவுகள் பழனியம்மாளைப் படுக்க வைத்துவிட்டன. இஞ்சி டீ போடலாம் என்று ஓர் அகலமான வளைவில் வண்டியை நிறுத்தினோம். ஆண்கள் இருவரும் பள்ளத்தாக்கைப் பார்க்க இறங்கிப் போனார்கள்.

நாங்கள் நிறுத்திய இடம், எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு எதிரே இருந்த பஸ் ஸ்டாப்.

அங்கேதான் அந்த மப்ளர் அம்மா, மாரியம்மா, ஏறினார். அவர் ஏறியதைப் பார்த்து இன்னொருவர். அவரைப் பார்த்து இன்னும் ஐந்தாறு பேர். கூட்டம் அப்படித்தானே? முதலில் ஏறியவருக்கு எல்லாம் தெரியும் என்று மற்றவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

பழனியம்மாள் கண்ணைத் திறந்தார். "ஏனுங்க... நீங்கெல்லாம் ஆருங்க?"

"நான் தேவிகுளம். தாலுக்கா ஆபீசுக்கு. நீ எம்புட்டுத் தூரம்?"

"நாங்க வண்டன்மேடு போறமுங்க."

"அம்புட்டுத் தூரமா! அதான் படுத்துட்ட. சரி படு, படு. நான் சீக்கிரம் எறங்கிருவேன், ஜன்னலோரம் மட்டும் குடு."

இது பஸ் இல்லை, இறங்குங்கள்... இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விருந்தாளிகளுக்குக் கோபம் வரும். முதல் டிரிப்பே கடைசி டிரிப். அப்புறம் கோழி.

இரண்டடி முன்னால் வந்தேன். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வாயில் இருந்து வந்தது இதுதான்:

"டீ குடிக்கிறீங்களா?"

குடித்தார்கள். மலைக்காற்றில் வந்தவர்கள் வேண்டாம் என்பார்களா? பாதி டம்ளர் காலியான பிறகுதான், பால் கேனோடு ஏறியிருந்த ஒரு பெரியவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "ஏம்மா... அடுப்பு இருக்கு. திரை இருக்கு. மேல சாமி படம், கீழ உப்பு ஜாடி. இது என்ன பஸ்ஸும்மா?"

"இது பஸ் இல்லீங்க" என்றேன். டம்ளரைக் கொடுத்த கைக்குப் பின்னால் குரலும் வந்துவிட்டது. "வீடு."

மாரியம்மா தாவி எழுந்தார். "அடி ஆத்தி! வீட்டுக்குள்ளயா செருப்புக் காலோட ஏறிட்டோம்!"

அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் திபுதிபுவென்று இறங்கியது. அப்பாடா என்றேன் மனசுக்குள். ஆனால் ஒருவரும் போகவில்லை. படிக்குக் கீழே செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, மறுபடி ஏறி, அவரவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். இப்போது இன்னும் வசதியாக... சம்மணம் போட்டு.

பழனியம்மாள் சிரித்த சிரிப்பில் தலைசுற்றல் போயே போய்விட்டது.

ராமசாமி அண்ணன் திரும்பி வந்தார். வாசலில் செருப்புகள் வரிசையாக இருப்பதைப் பார்த்தார். தன்னுடையதையும் கடைசியில் கழற்றி விட்டுவிட்டு உள்ளே வந்து, "எல்லாருமு வாங்க!" என்று கும்பிட்டார். கல்யாண வீட்டுக்காரர் தோற்றார்.

வீட்டுக்காரர் மறுபக்கம் டிரைவர் கதவு வழியாக ஏறினார். கண்ணாடியில் பார்த்தார். பின்னால் கூட்டம். இருபது வருஷம் கண்ணாடியில் கூட்டத்தைப் பார்த்தே ஓட்டியவர் இல்லையா, அவருக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. வண்டியை எடுத்துவிட்டார்.

தேவிகுளம் வந்தது. முதலில் மாரியம்மா எழுந்தார். படியில் இறங்கிக் கீழே பார்த்தார். நின்றார்.

"எங்க என் செருப்பு?"

எல்லோரும் எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டோம்.

செருப்புகள் எங்கே போகும்? விட்ட இடத்தில்தான் இருந்தன. மலைமேல், பஸ் ஸ்டாப்பில், ஒழுங்காக வரிசையில்... வீடு மட்டும் கிளம்பி வந்துவிட்டது.

யாராவது திட்டப் போகிறார்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். பால் கேன் பெரியவர்தான் முதலில் சிரித்தார். "வீட்டுக்காரம்மா, அடுத்த தடவ வாசலையும் சேத்து ஓட்டிட்டு வாங்க!"

மாரியம்மாவுக்கு ஆபீசில் அவசரம். பழனியம்மாளின் செருப்பு மட்டும் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. "இந்தாங்க்கா, இதப் போட்டுட்டுப் போங்க. நாங்க போயி உங்களுத எடுத்தாறோம்" என்று எடுத்து நீட்டினார். மற்றவர்களை அங்கேயே காத்திருக்கச் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினோம். ஒரு ஜோடிகூடக் குறையவில்லை. ஒரு நாய் மட்டும் காவலுக்குப் படுத்திருந்தது, ராமசாமி அண்ணனின் புதுச் செருப்பில் தலையை வைத்து.

திரும்ப வந்து செருப்புகளைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். வண்டன்மேடு போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. தோட்டம் பார்க்க வெளிச்சம் போதாது, காலையில்தான். விருந்தாளிகளின் ஒரு நாளைச் செருப்பு பொறுக்கியே தீர்த்துவிட்டோமே... பழனியம்மாள் அருகில் வந்து உட்கார்ந்தபோது, மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஏனுங்க்கா, நாங்களும் ஊட்டி, கொடைக்கானலு எல்லாம் போயிருக்கறமுங்க. ரூமுக்குள்ள பூட்டிட்டு டிவி பாத்துட்டு வருவோம். ஒரு ஈ காக்கா பேசாது. இன்னைக்கு அந்த மாரியம்மாக்கா அவங்க ஊட்டுக்கு வரச் சொல்லிப்போட்டுப் போயிருக்குதுங்க. பங்குனியில எங்க நாத்தனாரையும் கூட்டியாறோம். இதே வண்டிதானுங்க வேணும். ஆனா அந்த டீயில இஞ்சி கொஞ்சம் சாஸ்தி போடோணும்."

பிறகு வீட்டுக்காரரைத் தனியாகப் பிடித்தேன். "எல்லாம் சரி, ஏன் நம்ம வண்டியில மட்டும் இப்படி ஏறுறாக?"

அவர் ரோட்டைக் காட்டினார். அந்த நேரம் பார்த்து ஒரு பிரைவேட் பஸ் போனது. வான நீலம். இந்த மலையில் ஓடும் சாதாரண பிரைவேட் பஸ் எல்லாமே வான நீலம்!

எனக்குத் தெரியாத நிறமா? வருஷக்கணக்காக ஸ்டாப்பில் நின்று, வளைவில் அந்த நீலம் தெரிகிறதா தெரிகிறதா என்று பார்த்தவள்தானே நானும்? பார்த்துப் பார்த்தே பிடித்துப் போயிருக்கிறது. ஏன் பிடித்தது என்று யோசிக்கவே இல்லை. யோசித்துப் பாருங்கள், நமக்குப் பிடித்தது என்று நாம் சொல்வதில் பாதி, நாம் காத்துக்கொண்டு நின்றதுதானோ?

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றேன்.

"டிரைவருக்குத் தெரியாமலா?"

"பெறகு ஏன் அன்னைக்கே சொல்லல?"

தலையைச் சொறிந்தார். "கட்டுன நாள்லருந்து நாலு பேரு முன்னாடி வாயத் தொறந்து நீ கேட்டது அது ஒண்ணுதான் புள்ள. அதையும் வேணாம்பேனா? வேணும்னா இப்ப மாத்திருவோம். பச்சை அடிப்போம்."

நான் அவருடைய போனை வாங்கினேன். கோழி வியாபாரியின் நம்பரை நானே அழுத்தினேன். இரண்டு முறை தப்பாக அழுத்தினேன், பொய் சொல்வானேன்? அந்தப் பக்கம் "ஹலோ" என்றதும், "வண்டி விக்கிறதுக்கு இல்லீங்க. நீல வண்டி. அதேதான். இல்லீங்க, இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று 'இல்லை' சொல்லியிருப்பேன். ஒன்று போதும் என்றார் வீட்டுக்காரர்.

கூச்சப்படும் என் இனத்தாருக்கு ஒரு யோசனை. நாலு பேர் முன்னால் பேச வரவில்லையா? முதலில் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்துவிடுங்கள். குரல் பின்னாலேயே வந்துவிடும்.

பெயின்ட்டை மாற்றவில்லை. கதவுக்கு உள்பக்கம் ஒரு மரப்பெட்டி அடித்து, மேலே ஒரு போர்டு மாட்டியிருக்கிறோம். செருப்பை வெளியே விடாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கும் வீடு ஊரிலேயே எங்களுடையது ஒன்றுதான்!