செவலையின் இடது காது

வீரம்மாளின் மாடுகள் ஆள் இடுப்புயரம்தான் இருக்கும். திண்டிவனத்துக்கு மேற்கே பாறையும் முள்ளுமாய்க் கிடந்த காட்டில், உழவு மாடுகள் முகர்ந்துவிட்டு நகரும் சருகைத் தின்றே அவை சதை பிடித்தன. பாலும் இல்லை, ஏருக்கும் ஆகாது.

“ஏம்மே, ஆட்டுக்குக் கொம்பு நட்டு ஓட்டிக்கினு போறியா?” என்பான் பக்கத்து நிலத்துக்காரன் துரைக்கண்ணு.

“வைக்கோல் தேடி ஊர் ஊரா அலையறவன் நீ. ஜல்தி போ!”

வாய் பேசினாலும், அவற்றை மதித்துக் கறிக்கு வாங்கியவர் கோட்டக்குப்பம் இப்ராஹிம் ஷா ஒருவர்தான். அவர் வராவிட்டால் மந்தையை வைத்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது.

1957 பக்ரீத்துக்கு ஒரு செவலைக் காளையைச் சொல்லிவைத்தார். “குர்பானிக்கும்மா. ஒடம்புல ஒரு குறை இருக்கக் கூடாது.”

முள் கீறாமல், கொம்பு உடையாமல் அதைக் கண்ணெதிரிலேயே மேய்த்தாள். மற்றக் கன்றுகளுக்கு இடது காதில் காலணா அளவு அறுத்து அடையாளம் வைப்பது அவள் வழக்கம்; பிறர் பயிரில் மேய்ந்து பவுண்டுப் பட்டியில் அடைபட்டால் அந்தக் காதைக் காட்டித்தான் மீட்பாள். கூடவே நின்ற செவலைக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் கோட்டக்குப்பம் வரை நடக்கப்போகிற மாடு. வழியில் எவனாவது தன்னுடையது என்றால்? பாய் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் கத்தியை எடுத்தாள்.

காலையில் பாய் பல்லைப் பார்த்தார், கொம்பைத் தடவினார். காதில் கை நின்றுவிட்டது.

“இன்னா பண்ணி வச்சிருக்க, வீரம்மா?”

“நம்ம அடையாளம் பாய். அது எப்படிக் குறையாவும்?”

“காது அறுந்தது ஆவாதும்மா.”

“வேற எதுனா புடிச்சிக்குங்க.”

அவர் மந்தையைப் பார்த்தார். எல்லாம் அறுந்த காதுகள். திட்டாமல், தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வெறுங்கையோடு நடந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அடுத்த வருஷம் அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. செவலை மந்தையிலேயே நின்றது; அதற்குப் பிறந்த முதல் காளைக்கன்றுக்கு அவள் காது அறுக்கவில்லை. அது ஒருமுறை பவுண்டுக்குப் போனது. “அடையாளம் இல்லாத மாட்ட எப்படிம்மா வுடறது?” என்றான் காவல்காரன். கதவைத் திறக்கச் சொல்லி, தள்ளி நின்று நாக்கைத் தட்டினாள். கன்று நேராக அவளிடம் வந்தது.

1960 பக்ரீத்துக்கு முன் பாய் வந்தார். வளர்ந்து காளையாகிவிட்ட அந்தக் கன்றின் இரண்டு காதையும் விரலால் தடவிப் பார்த்தார்.

“சுத்தமா இருக்கு. ஆனா உன்னுதுன்னு எப்படித் தெரியும்?” என்று சிரித்தார்.

வீரம்மாள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு நாலடி தள்ளிப் போய் நாக்கைத் தட்டினாள். அது வந்து அவள் முழங்கையில் மூக்கை வைத்தது.

குனிந்து கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுக்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.