மெர்வ் கொடுத்த சிபாரிசு

ஆஸ்திரேலியாவில் எங்கள் கோதுமை ஊரான டாரபுக்கில் ஒருவரைப் பற்றி நாலு பேர் முன்னால் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டால், அவருக்குச் சிலை வைக்கிற வேலை மட்டும்தான் பாக்கி. கோதுமை இடுப்பளவு நின்று, களஞ்சியம் வழிந்து, மிச்சத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிய வருஷத்தையும் நாங்கள் "மோசமில்லை" என்றுதான் சொன்னோம். தன்னைப் பற்றித் தானே நல்லதாக ஒரு வார்த்தை பேசியவனை இங்கே யாரும் திட்ட மாட்டார்கள். அந்த வார்த்தையையே அவனுக்குப் பட்டப்பெயராக்கிச் சாகும்வரை கூப்பிடுவார்கள்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ரேலீன் நோஸ்கி, நாற்பது தாண்டிய வயதில் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள்.

காரணம் ஊர் ஆஸ்பத்திரிக் கதவில் ஒட்டியிருந்த தாள். நர்ஸ் இல்லாததால் சனி, ஞாயிறுகளில் அவசரப் பிரிவு மூடப்படும், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று அதில் போட்டிருந்தது. அதாவது, நெஞ்சு வலிக்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் வலித்துவிட வேண்டும். ரேலீன் களஞ்சியத்தில் லாரி லாரியாக வரும் கோதுமையைச் சோதிக்கிறவள். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை ஆளைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர் படையிலும் இருந்தாள். ஆம்புலன்ஸ் அடுத்த ஊரிலிருந்து வர வேண்டும். அடுத்த ஊர் எங்கள் பக்கத்தில் அவ்வளவு அடுத்து இருக்காது. அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.

ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்கள் இரண்டே வருஷத்தில் நர்ஸ் ஆகலாம் என்று மெல்பர்னில் ஒரு பல்கலைக்கழகம் விளம்பரம் செய்திருந்தது. ரேலீனிடம் வேளாண்மைப் பட்டம் இருந்தது. பட்டம் பழசு, உடற்கூறு பாடத்தை மறுபடி படித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். "நடுவுல மனுஷனுக்குப் புதுசா எலும்பு ஏதும் முளைச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் படித்துத் தேறினாள். நேர்காணல் வீடியோவில் நடந்தது. சிபாரிசு செய்ய ஒருவர் பெயரைக் கேட்டார்கள். தொண்டர் படைத் தலைவர் மெர்வ் டிஷ்லரின் பெயரைக் கொடுத்தாள். பிறகு வந்தது ஒரே வரி. இடமில்லை.

காரணம் கேட்டு போன் போட்டாள். சேர்க்கைப் பிரிவில் ஃபெலிசிட்டி என்ற பெண். குரலில் தேன் சொட்டியது.

"மதிப்பெண் எல்லாம் அருமை, ரேலீன். ஆனா நேர்காணல்ல உங்க சாதனையைக் கேட்டோம். 'பெருசா ஒண்ணுமில்ல, அப்பப்ப ஒத்தாசைக்குப் போவேன்'னு சொன்னீங்க. உங்களுக்குச் சிபாரிசு பண்றவரும் போன்ல அவ்வளவு ஆர்வமாப் பேசல. உங்க வருத்தம் எனக்குப் புரியுது."

"எனக்கு வருத்தமே இல்லம்மா," என்றாள் ரேலீன். "கோவம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள அவர் மறுபடி பேசினா, பரிசீலிக்க விதி இருக்கு."

ரேலீன் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே மெர்வின் கொட்டகைக்குப் போனாள். மெர்வ் அறுவடை இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்த பூட்ஸை இவள் ஓர் உதை விட்டாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்னய்யா சொன்ன?"

மெர்வ் சாவகாசமாக வெளியே வந்தார். "உன்ன ஏகத்துக்கும் தூக்கிவெச்சுப் பேசிட்டேன் ரே. அப்புறம் எனக்கே கூச்சமாப் போச்சு."

"என்ன சொன்ன?"

"பரவாயில்லன்னேன்."

"அப்புறம்?"

"கூப்பிட்டா வருவான்னேன். நெருக்கடியில எப்படின்னு கேட்டா. கத்த மாட்டான்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாவா? என் கல்யாணத்துல என் பொண்டாட்டியப் பத்திக்கூட நான் இவ்வளவு பேசல!"

"எனக்கு இடம் இல்லன்னுட்டாங்க, கிழவா! நீ ஆர்வமாப் பேசலயாம்!"

மெர்வ் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் வந்தது கலப்படமில்லாத அதிர்ச்சி. உலகத்திலேயே பெரிய பாராட்டை அள்ளிக் கொடுத்திருக்கிறார். அது எடைக்குத் தேறவில்லை என்கிறார்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் ரேலீனின் கோபம் இரண்டு பங்காயிற்று. ஏனென்றால் 'பெருசா ஒண்ணுமில்ல' என்று சொன்ன வாய் அவளுடையது.

ஒண்ணுமில்லாத அந்த விஷயம் இதுதான். முந்தின கோடையில் மெர்வின் வண்டி வாய்க்காலோரம் உருண்டு தலைகீழாகக் கிடந்தது. ரேலீன் உடைந்த ஜன்னல் வழியாக ஊர்ந்து உள்ளே போய், கழுத்து அசையாமல் அவர் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். வெயில், ஈ, பெட்ரோல் வாடை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவளுக்குக் கை மரத்துவிட்டது. அவ்வளவு நேரமும் மெர்வ் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே இருந்தார். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம் ரேலீனின் ஃப்ரீசரில் பாதி ஆட்டின் கறி வந்து உட்கார்ந்திருந்தது. யார் வைத்தது என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இங்கே நன்றி என்றால் அதுதான்.

வியாழக்கிழமை, அதே கொட்டகையில், ஸ்பீக்கரில் ஃபெலிசிட்டி.

"சொல்லுங்க மெர்வ். ரேலீன் எப்படிப்பட்டவங்க?"

மெர்வ் தொப்பியைக் கழற்றினார். மாட்டினார். கழுத்து சிவந்தது.

"அவ வந்து... எல்லாம் சரியாத்தான் செய்வா."

"உதாரணம் ஏதாவது?"

"போன வருஷம் எனக்கு ஒரு சின்ன விபத்து. அப்ப... ஒத்தாசையா இருந்தா."

"சின்ன விபத்தா!" ரேலீனுக்குள் என்னவோ அறுந்தது. போனைப் பிடுங்கினாள். "இந்தாம்மா, நல்லாக் கேளு. இவர் கழுத்துல ரெண்டு எலும்பு முறிஞ்சு கெடந்தாரு. நான் போய்த் தலையப் புடிச்சேன். நான் விட்டிருந்தா இவர் இன்னிக்கு சக்கர நாற்காலியில இருப்பாரு, இல்ல மண்ணுக்குள்ள இருப்பாரு. நான் விடல. எனக்கு பயமே வரல. நான் இந்த வேலையில கெட்டிக்காரி. இத வாயால சொல்ல எனக்கு வாந்தி வருது. சொன்னாத்தான் இடம் தருவீங்கன்னா, எழுதிக்க. கெட்டிக்காரி!"



"மெர்வ்," என்றது ஸ்பீக்கர் மெதுவாக, "இதெல்லாம் உண்மையா?"

"உண்மையாவா?" மெர்வ் வெடித்தார். "இப்ப போனப் பாத்துத் தலையத் திருப்பிப் பேசறேன்ல, அது எவ குடுத்த கழுத்துன்னு நெனைக்கற? உங்க பட்டணத்துலேர்ந்து ஒரு நர்ஸும் இங்க வர மாட்டேங்கறா. வர்றேங்கறவளையும் படிக்க விட மாட்டேங்கறீங்க. நாங்க என்ன, நல்ல கெழமையாப் பாத்து சாகணுமா? அவ மாதிரி ஒருத்தி இந்த ஜில்லாவுலயே கெடையாது. போதுமா? போதுமான்னு கேக்கறேன்!"

சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். ரேலீன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவளுக்கும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் பதில் வந்தது. இடம் உண்டு. கூடவே, குறுகிய காலத்தில் தன்னம்பிக்கையில் அவள் கண்டிருக்கும் வளர்ச்சிக்குப் பாராட்டு. "வளர்ச்சியாம்!" என்று அதைத் திட்டிக்கொண்டே, சம்மதம் என்ற பொத்தானை விரல் நோக அழுத்தினாள்.

அன்று சாயங்காலம் தன் இரண்டு நாய்களையும் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் மெர்வ் வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

"ரெண்டு வருஷம்," என்றாள்.

மெர்வ் நாய்களைப் பார்த்தார். "பெருசு கோழியத் துரத்துமா?"

"துரத்தும்."

"கோழிய அடைச்சு வெக்கிறேன்," என்று வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டார்.