குப்பைமேனி இலையும் கறுப்புப் பொடியும்

பசுமை முறை என்று பெயர் வைத்தவர் ஒரு நாளும் குப்பைமேனி இலை ஆய்ந்திருக்க மாட்டார். மண் போக அலசி, நிழலில் உலர்த்தி, கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றைக் கிராஃபீன் ஆக்சைடு என்ற கரிப்பொருளின் கரைசலில் ஊற்றிச் சூடாக்கிக்கொண்டே நிற்க வேண்டும். தேன் நிறக் கரைசல் மெல்ல மெல்லக் கறுத்து, அடியில் கறுப்புப் பொடியாகப் படியும். நச்சு ரசாயனம் செய்கிற வேலையை இலைச்சாறு செய்துவிடும். மிச்ச வேலையெல்லாம் என் இடுப்புக்கு. விருதுநகரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வருடக்கணக்காக இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். தீப்புண்ணில் சீழ் வைக்கும் கிருமிகளை அந்தப் பொடி கொல்கிறதா, தோலின் உயிரணுக்களை விட்டுவைக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. அம்மா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நான் பள்ளியில் படித்தபோது அங்கே தீப்பிடித்து அவள் இடது கை வெந்துபோனது. வெந்ததைவிட, பிறகு சீழ் பிடித்து ஆறாமல் கிடந்ததுதான் கொடுமை. இப்போது முழங்கை வரை தோல் சுருங்கி இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்தக் கையோடுதான் இன்றும் கம்பெனி வேன் ஏறுகிறாள். எனக்கு இலை பறித்துத் தருவதும் அவள்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாளில் விரலெல்லாம் அலுமினியத்தூள் ஒட்டியிருக்கும், இலை கெட்டுவிடும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

போன ஆடியில், மதுரையில் ஒரு சோதனைக்கூடத்தில் உயிரணுச் சோதனைக்கு நாள் கிடைத்தது. தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. என் ஆய்வுக்காலமோ முடியப்போகிறது. நேரம் பார்த்து ஆய்வகத்தின் உலர்த்தும் கருவி படுத்துவிட்டது. கழுவிய பொடியை ஈரத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடித் தட்டில் பரப்பி, மெல்லிய தாளால் மூடி, அடுக்களை ஜன்னலுக்குக் கீழே நிழலில் வைத்தேன். விடிந்ததும் மதுரை பஸ். அசதியில் அப்படியே தரையில் சாய்ந்துவிட்டேன்.

சாயங்காலம் எழுந்தபோது அம்மா வேலையிலிருந்து வந்திருந்தாள். பாத்திரம் கழுவும் வாளியில் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. கண்ணாடித் தட்டைச் சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

பட்டாசு வேலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மிஞ்சிய வெடிமருந்தை ராத்திரிக்கு வைக்க மாட்டார்கள். தண்ணீரில் கரைத்துவிட்டுத்தான் வேன் ஏறுவார்கள். சீசன் நேரத்தில் சிலர் திருட்டுத்தனமாக வீட்டிலேயே வெடி சுற்றுவதும் உண்டு. நிழலில் காயும் கறுப்புப் பொடியைப் பார்த்ததும், என்னையும் யாரோ அந்த வேலையில் இழுத்துவிட்டார்கள் என்று அம்மா நடுங்கிப்போயிருக்கிறாள். மேலே யோசிக்க அவளுக்கு ஒன்றுமில்லை.

கத்தினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். கம்பெனிச் சேலையைக்கூட மாற்றாமல் நின்று கேட்டாள். நான் இத்தனை நாள் செய்துகொண்டிருந்த பொடிதான் அது என்று அவளுக்குப் புரியச் சற்று நேரமானது.

"எலையில செய்யிறதுன்னுதான தாயி சொன்ன? பச்சையா இருக்கும்னு நெனச்சுட்டேன்," என்றாள்.

எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. மதுரைக்கு போன் போட்டு வரவில்லை என்று சொன்னேன். சரி என்று வைத்துவிட்டார்கள். அம்மா வாளியைக் கொட்டவில்லை. பக்கத்திலேயே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, கறுப்பு அடியில் படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணியில் வடிகட்டி எடுத்துவிட முடியாதா என்று கேட்டாள். சோப்பும் எண்ணெயும் கலந்துவிட்டது, இனி ஆகாது என்றேன்.

அதற்குப் பிறகுதான் சேலைத் தலைப்பை விலக்கி இடது கையைப் பார்த்தாள்.

"இந்தக் கை நல்லாயிரும்னுதான் ஞாயித்துக்கெழமை தவறாமப் பறிச்சேன். கடைசியில நானே கொட்டிப்புட்டேன்."

அந்தப் பொடி ஆறாத புண்ணுக்கு மட்டும்தான். என்றோ ஆறிப்போன தழும்பை அது ஒன்றும் செய்யாது. அம்மா கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொல்ல வாயெடுத்தேன். இன்னொரு தடவை செய்வோம் அம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கண் விழித்தபோது அம்மா குழாயடியில் இருந்தாள். விரல் இடுக்கெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, இலை பறிக்கக் கிளம்பினாள்.