எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது

அடையாறில் ஒரு கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு சினிமா அறிமுகம் நடத்துகிறேன். என் வகுப்பில் நான் பேசுவது குறைவு. சினிமாவைப் பற்றிப் பேச நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சும்மா இருக்கத்தான் சொல்லித்தர வேண்டும். அதனால் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். ஆளுக்கு மூன்று நிமிடப் படம், போனிலேயே எடுத்து வர வேண்டும். போட்டுக் காட்டியதும் மற்றவர்கள் பேசுவார்கள். எடுத்தவர் கடைசிவரை வாய் திறக்கக் கூடாது. விளக்கம் சொல்ல விட்டால் மொக்கைப் படமும் காவியமாகிவிடும். அந்தக் கொடுமையை நிறைய அனுபவித்தாயிற்று.

இந்த வருஷம் திரையிடலுக்கு முந்தின நாள் மயிலாப்பூர்ப் பெண் ஒருத்தி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள்.

"மேடம், நாளைக்கு எங்கப்பாவும் வரலாமா?"

அப்பா ஆடிட்டர். சினிமாப் படிப்பு என்றாலே அவருக்கு ஆகாது. சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சு. இப்போது அவள் படத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறாராம்; பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் பி.காம். "படமும் சரியா வரலை மேடம்," என்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்கு அந்த மனுஷன் மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் வரச் சொன்னேன்.

மறுநாள் வந்து கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்தார்.

படம் மாம்பலம் ஸ்டேஷன் வாசல். சாயங்காலம் ஒரு அம்மாள் தரையில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்து, அவரைக்காய் நறுக்கிப் பாக்கெட் போடுகிறாள். ரயிலை விட்டு இறங்கும் பெண்கள் நடந்தபடியே வாங்கிப் போகிறார்கள். கடைசியில் தன் வீட்டுக்கு நறுக்காத கத்தரிக்காய் நாலைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கிறாள். படம் எடுத்தவளுக்கு நல்ல கண். ஆனால் படம் முழுக்க ஒரே மங்கல்.

விளக்கைப் போட்டதும் ஒரு பையன், "இன்னா இது, படம் ஃபுல்லா பொகையா கீது?" என்றான். வகுப்பு சிரித்தது. இன்னொருத்தி, "அது புகையில்ல, நினைவு. அந்தம்மாவோட வாழ்க்கை தெளிவா இல்லைன்னு காட்டறா," என்றாள். உடனே ஒருவன் நகரம், தனிமை என்று ஆரம்பித்துவிட்டான். எனக்கோ பஜ்ஜி தின்ற விரல் லென்ஸில் பட்டுவிட்டது என்றுதான் தோன்றியது. எடுத்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். போகப்போவது மார்க் அல்ல, படிப்பே. சட்டமாவது ஒன்றாவது, பேசவிடலாமா என்று யோசித்தேன்.

அதற்குள் ஆடிட்டர் எழுந்தார். "நான் பேசலாமோல்லியோ? படம் எடுத்தது நான் இல்லையே."

"பேசுங்க சார்," என்றேன்.

"அவ மேல தப்பில்லை. படம் எடுக்கக் கிளம்பின அன்னிக்கு இவ குளிச்சிண்டிருந்தா. நான்தான் போனை எடுத்து ஸ்வாமி முன்னாடி வெச்சு, சந்தனம் குங்குமம் இட்டேன். முதல் முதல்ல ஒரு காரியம் பண்ணப் போறா, வெறுமனே அனுப்ப முடியுமா? அது லென்ஸ்ல பட்டிருக்கு. நேக்கு அதெல்லாம் எங்கே தெரியறது!"

படப்பிடிப்பின் முதல் நாள் கேமராவுக்குப் பொட்டு வைப்பது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். இவர் கேமரா எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வைத்திருக்கிறார்.

சட்டத்தை மறந்து அவள் எழுந்துவிட்டாள். "அம்மா இட்டதுன்னு நெனைச்சுண்டு துப்பட்டாவால அரைகுறையா தொடைச்சுட்டேம்ப்பா," என்றாள். குரல் உடைந்தது.

அவர் மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அடுத்த படத்துக்கு லென்ஸ்ல படாம இட்டு அனுப்பறேன்."