கூடையை மாட்டிக்கொண்ட கங்காணி

போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தபோது அங்கே ஒரு கங்காணி இருந்தார். நெடிய, ஒல்லியான மனிதர். கொழுந்து பறிக்கும் பெண்களை, சின்னவர்களைக்கூட, “அம்மா” என்றே கூப்பிடுவார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், காய்ச்சலில் கிடந்த ஒரு பெண்ணை வேலைக்கு இழுத்துவரும்படி தோட்டத்துத் துரை அவருக்கு உத்தரவிட்டார். கங்காணி அவளை எழுப்பவில்லை. அவளுடைய கூடையைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டு, மற்ற பெண்கள் வாய்பொத்திச் சிரிக்க, பொழுது சாயும்வரை தானே கொழுந்து பறித்தார். அன்று மாலையே துரை அவரை வேலையிலிருந்து நீக்கினார். அந்த உத்தரவை எழுதி அவர் கையில் கொடுத்தவன் நான்.

“துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ரைட்டரே? நேத்து சர்ச்சுல என் பக்கத்துல நின்னுதானே பாடினீங்க?” என்று கேட்டார்.

“எனக்குப் பிள்ளைங்க இருக்கே” என்றேன்.

“எனக்கும் உண்டல்லோ” என்றார்.

அதை அவர் கோபத்தோடு சொல்லியிருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன்.